செடான் காரும் ஜவ்வாது மலைப் பாதையும்

நம் செய்திமடலின் வரலாற்றுப் பக்கத்தில் இதுவரை ஏரி, கோயில், பழைய கட்டடம் என்றே பார்த்து வந்திருக்கிறோம். இந்தக் காலாண்டில் கொஞ்சம் கீழே இறங்கி, நம் பேஸ்மென்டுக்கே போகலாம். அங்கே தூசி படியாமல் துணி போர்த்தி நிற்கும் சில செடான் கார்களை எல்லோரும் பார்த்திருப்போம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அவற்றின் சொந்தக்காரர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று வீட்டில் உள்ளவர்களே கேட்பதுண்டு. அந்தக் கேள்விக்கு எழுபது வருட வரலாறு இருக்கிறது. அதிலும் நம் சென்னைக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

தலைப்பில் ஜவ்வாது மலை ஏன் வந்தது? திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் இந்த மலைக்கு நம் வளாகத்திலிருந்து வார இறுதியில் போய் வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். போளூர் வழியாக ஜமுனாமரத்தூருக்கு ஏறலாம். வேலூரிலிருந்து அமிர்தி வழியாகப் போகலாம். வாணியம்பாடிப் பக்கமிருந்து ஆலங்காயம், காவலூர் வழியாகவும் ஏறலாம். பீமன் நீர்வீழ்ச்சி, சாமை, தேன், பலா எல்லாம் சரி. ஆனால் சமவெளியிலேயே ஓடிப் பழகிய குடும்பக் காருக்கு அந்த வளைவுகள் ஒரு பரீட்சை. காரில் நாம் செய்த மாற்றம் நல்லதா, கெட்டதா என்பது ஜி.எஸ்.டி. சாலையில் தெரியாது, மலையில் தெரிந்துவிடும். இந்தக் கட்டுரை அந்தப் பரீட்சையை மனதில் வைத்தே எழுதப்பட்டது.

கிடைத்த காரை வைத்துக்கொண்ட காலம்

சுதந்திரத்துக்குப் பிறகு, 1953இல் டாரிஃப் கமிஷன் பரிந்துரைத்தபடி, இந்தியாவிலேயே படிப்படியாகத் தயாரிக்கத் திட்டம் வைத்திருந்த நிறுவனங்களுக்கு மட்டும்தான் கார் தொழிலில் இடம் என்று அரசு முடிவெடுத்தது. வெறுமனே பாகங்களைக் கொண்டுவந்து பூட்டி விற்றுக்கொண்டிருந்த ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டின. சாதாரணக் குடும்பத்துக்கு மிஞ்சியவை மூன்று. வங்காளத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த அம்பாசடர், பம்பாயில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் செய்த ஃபியட், சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் செய்த கார்கள்.

பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்து வாங்கிய கார் அது. ஆகவே பத்து வருடத்தில் விற்றுவிட்டு வேறு வாங்கும் எண்ணமே யாருக்கும் வராது. இறக்குமதிப் பாகங்களுக்கும் வழியில்லை. தேய்ந்த பாகத்துக்கு மாற்று கிடைக்காவிட்டால், லேத் பட்டறையில் கடைந்து போட்டார்கள், அல்லது வேறு வண்டியின் பாகத்தைக் கொஞ்சம் அறுத்துப் பொருத்தினார்கள். புதுப்பேட்டை, ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளுக்கும் கோயம்புத்தூர்ப் பட்டறைகளுக்கும் இப்படித்தான் கைப்பழக்கம் ஏறியது.

அந்த நாளில் பராமரிப்பு வேறு, மாற்றம் வேறு என்று இரண்டு இல்லை. டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போட்டால் இரவில் விளக்கு மங்காது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த கை கியரைத் தரைக்குக் கொண்டுவந்தால், தேய்ந்து தொங்கும் கம்பிகளின் தொல்லை தீரும். அக்காலத்து அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான், காலின் பலத்தை ஏற்றித் தரும் பூஸ்டர் கிடையாது. அதனால் பூஸ்டரைத் தேடிப் பிடித்துப் பொருத்தியவர்கள் உண்டு. கோடையில் மலை ஏறும்போது பெட்ரோல் பம்ப் சூடாகி, உள்ளே பெட்ரோல் ஆவியாகி என்ஜின் நின்றுவிடும். பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றி, சற்று நேரம் காத்திருந்து கிளப்புவார்கள். வீட்டில் வயதான பெரியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள், இந்த ஈரத்துணிக் கதையைச் சொல்லாதவர்கள் குறைவு.

பெருங்களத்தூரிலிருந்து வந்த ஹெரால்டு

வண்டலூர்ப் பக்கம் பெருங்களத்தூரில் இருந்தது ஸ்டாண்டர்ட் தொழிற்சாலை. 1961 முதல் அங்கிருந்து வந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டின் இந்திய வடிவம். இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கெலொட்டி வரைந்த உடல், 948 சிசி என்ஜின். இங்கிலாந்தில் இரண்டு கதவோடு நின்றுபோன இந்தக் காருக்குப் பின்னாளில் நான்கு கதவு வைத்தது சென்னைத் தொழிற்சாலைதான். குடும்பக் கார் என்றால் பின்சீட்டில் பாட்டியும் ஏறி இறங்க வேண்டும் என்பது இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும்.

காரைத் தானே கவனிக்க நினைத்தவர்களுக்கு ஹெரால்டு ஒரு வரம். முன்பக்கத்து மட்கார்டு, பானெட் எல்லாம் ஒரே துண்டாக முன்னோக்கிச் சாயும். முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு என்ஜின் வேலை பார்க்கலாம். சின்ன இடத்தில் திரும்பும். ஒரு பலவீனமும் இருந்தது. பின்சக்கரங்கள் இரண்டும் தனித்தனியாக ஊசலாடும் அச்சில் நின்றன. வளைவில் வேகமாகப் போய்த் திடீரென்று ஆக்சிலரேட்டரை விட்டால் பின்சக்கரம் உள்பக்கம் மடங்கப் பார்க்கும், வால் வெளியே ஓடும். 1970களில் ஹெரால்டுக்குப் பின் வந்த கெஸல் காரில் நிறுவனமே இந்த அச்சைக் கைவிட்டு, சாதாரண ஒற்றை அச்சுக்கு மாறியது. ஒரு காரின் பலவீனத்தை ஓட்டுபவர்கள் வளைவில் கற்றுக்கொள்வதும், தொழிற்சாலை பின்னால் திருத்துவதும் உலகம் முழுக்க நடந்ததுதான். இங்கே அது நம் ஊருக்குப் பக்கத்திலேயே நடந்தது.

1985இல் அதே நிறுவனம் ஸ்டாண்டர்ட் 2000 என்ற பெரிய காரைக் கொண்டுவந்தது. உடல் இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1. உள்ளே இருந்ததோ பழைய காலத்து இரண்டு லிட்டர் என்ஜின். விலையும் அதிகம், பெட்ரோல் செலவும் அதிகம். 1988 வாக்கில் கார் தயாரிப்பு நின்றது. அன்றிலிருந்து ஹெரால்டு வைத்திருந்தவர்கள் தாய் இல்லாத பிள்ளையை வளர்ப்பதுபோல் தங்கள் காரை வளர்த்தார்கள்.

சோழவரம் சொல்லிக் கொடுத்தது

இரண்டாம் உலகப் போரில் போடப்பட்ட சோழவரம் விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயம் நடத்தியது. 1953இல் தொடங்கிய கிளப் அது. அங்கே ஓடியவற்றில் அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு ஆகிய மூன்றுமே உண்டு. வார நாளில் ஆபீசுக்குப் போகும் கார், பந்தய நாளில் பின்சீட்டைக் கழற்றிவிட்டு ஓடும். சிலிண்டர் ஹெட்டைச் சீவி அழுத்தத்தைக் கூட்டுவது, இரட்டைக் கார்புரேட்டர் போடுவது, ஸ்பிரிங் பட்டையைக் குறைத்துக் காரைத் தாழ்த்துவது போன்ற வித்தைகள் ஓட்டுநரிடமிருந்து பட்டறைக்கும், பட்டறையிலிருந்து அடுத்த வாடிக்கையாளருக்கும் போயின.

கோவையில் இந்த ஆர்வம் இன்னும் ஆழமாக வேர் விட்டது. தென்னிந்திய ராலியை ஏழு முறை வென்ற ஜி.ஆர். கார்த்திகேயன் அந்த ஊர்க்காரர். அவருடைய மகன் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா 1இல் ஓடிய முதல் இந்தியர் ஆனார். அதே ஊரின் எஸ். கரிவரதன், மாருதி 800இன் பாகங்களை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரைச் செய்து, செலவு அதிகம் இல்லாமல் பந்தயம் பழக வழி திறந்தார். 1995இல் விமான விபத்தில் அவர் இறந்தார். 2003இல் திறந்த செட்டிபாளையம் பந்தயத் தடத்துக்கு அவர் பெயர்தான். சென்னைக்கு 1990இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்தது.

பந்தயம் ஒரு பாடத்தை அழுத்தமாகச் சொல்லிக் கொடுத்தது. நேர்ப்பாதையில் கொஞ்சம் வேகம் கூட்டுவது எளிது. ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் அதே மாதிரி நிற்க வைப்பதுதான் கடினம். அதனால் அனுபவசாலிகள் பணத்தை முதலில் பிரேக்கிலும் டயரிலும் போட்டார்கள், பிறகு என்ஜினுக்கு வந்தார்கள்.

என்ஜினை மாற்றிய தலைமுறை

1984இல் வந்த கான்டெஸா நீளமான, அழகான கார். ஆனால் உள்ளே அம்பாசடரின் 1489 சிசி என்ஜின், சுமார் 50 குதிரைத்திறன். அந்த உடம்புக்கு அது போதவில்லை. சில ஆண்டுகளில் ஜப்பானின் இசுசூ 1.8 லிட்டர் என்ஜினும் ஐந்து கியர் பெட்டியும் வந்து சேர்ந்தன. கார் உயிர் பெற்றது. 1990களின் தொடக்கத்தில் அதே என்ஜின் அம்பாசடருக்கும் வந்தது. உடனே பட்டறைகள் பழைய அம்பாசடர்களுக்கும் அதை மாற்றிக் கொடுக்க ஆரம்பித்தன. பெட்ரோல் விலை கட்டுப்படியாகாதவர்கள் வேறு திசையில் போனார்கள். மெட்டடார் வேனின் டீசல் என்ஜினை அம்பாசடருக்குள் இறக்கினார்கள். சத்தம் கூடியது, செலவு குறைந்தது. அன்றைய என்ஜின் மாற்றங்களில் பாதி ஆசையால், பாதி பாக்கெட்டால் நடந்தவை.

1998க்குப் பிறகு காட்சி மாறியது. ஹோண்டா சிட்டி வந்தது. திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் மிட்சுபிஷி லான்சரைச் செய்தது. 1999இல் மறைமலை நகரிலிருந்து ஃபோர்டு ஐகானும், இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் அக்சென்ட்டும் வந்தன. மாருதி எஸ்டீம் ஏற்கெனவே 1994 முதல் இருந்தது. இந்தக் கார்கள் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே நன்றாக ஓடின, நன்றாக நின்றன. கட்டாயத்துக்காக மாற்ற வேண்டியது ஏதும் இல்லை. அலாய் வீல், அகலமான டயர், சத்தமான சைலென்சர், தாழ்த்திய ஸ்பிரிங், பிறகு என்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றுவது எல்லாம் விருப்பத்துக்காகச் செய்தவை. பராமரிப்பும் மாற்றமும் இங்கேதான் பிரிந்தன. பிரேக் ஆயில் மாற்றாத காருக்கும் விலை உயர்ந்த சைலென்சர் போட முடியும் என்ற நிலை வந்தது.

சட்டம் வந்து நின்ற இடம்

கார்க் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதை 2012இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது. 2017 டிசம்பரில் முன்பக்க இரும்புக் கம்பித் தடுப்புகளை மத்திய அரசு தடை செய்தது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து போன வழக்கில், தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை விளக்கியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது.

இது எல்லாவற்றையும் தடுக்கவில்லை. அனுமதி பெற்று, ஆர்.சி.யில் பதிந்து, எரிபொருளை மாற்றலாம், நிறத்தை மாற்றலாம். தேய்ந்த பாகத்துக்குத் தரமான பாகம் போடுவதை யாரும் கேட்பதில்லை. பதியாத மாற்றம் இருந்தால் விபத்து நேரத்தில் இன்சூரன்ஸிலும் சிக்கல் வரும். ஒரு விதத்தில் பார்த்தால் சட்டம் நம்மைப் பழைய இடத்துக்கே திருப்பி அனுப்பியிருக்கிறது. மாற்றம் வேண்டுமா, அது பராமரிப்பாக இருக்கட்டும்.

மலை போடும் கணக்கு

இப்போது ஜவ்வாது மலைக்கு வருவோம். ஐந்து பேரும் பையும் சேர்ந்து 1,500 கிலோ எடையுள்ள செடான் ஒன்று 500 மீட்டர் உயரம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இறக்கத்தில் எங்காவது போய்ச் சேர வேண்டிய ஆற்றல், நம் மின்கட்டணக் கணக்கில் 2 யூனிட். அதை அப்படியே தண்ணீருக்குக் கொடுத்தால் சுமார் 25 லிட்டரைக் கொதிக்க வைத்துவிடலாம். காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மீதியை என்ஜின் வாங்க வேண்டும், இல்லையென்றால் பிரேக் வாங்க வேண்டும். ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொன்னது இதனால்தான். கியரை நியூட்ரலில் போட்டுப் பெட்ரோல் மிச்சம் பிடிப்பவர், முழுச் சூட்டையும் நான்கு பிரேக்குக்குள் திணிக்கிறார்.

இதில் பிரேக் ஆயிலின் பங்கு பலருக்குத் தெரியாது. பெரும்பாலான கார்களில் இருப்பது டாட் 4 வகை. புதிதாக இருக்கும்போது அது 230 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்கக் கூடாது என்பது தர விதி. இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. சென்னைக் காற்றின் ஈரத்தைச் சொல்ல வேண்டியதில்லை. கொதித்தால் ஆயிலுக்குள் ஆவிக்குமிழி வரும். ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. பெடல் தரை வரை போகும், கார் நிற்காது. சில நூறு ரூபாய் ஆயிலும் அரை மணி வேலையும் அந்தக் காரில் இருக்கும் அத்தனை பேரையும் காக்கிறது. எந்த அலாய் வீலும் இதைச் செய்யாது.

விளக்கு விஷயத்திலும் மலைக்கு ஒரு கருத்து உண்டு. பல செடான்களில் 60/55 வாட் பல்பு வரும். அதை எடுத்துவிட்டு 100/90 வாட் பல்பை நேராகச் செருகினால் பழைய ஒயரிங் சூடாகி உருகும். எதிரே வருபவருக்கும் கண் தெரியாது. காவலூரில் 1968 முதல் வானியல் ஆய்வு நடக்கிறது. 1977இல் யுரேனஸ் கோளின் வளையங்கள் வெளிப்பட்ட நிகழ்வைப் பதிவு செய்த இடங்களில் அதுவும் ஒன்று. வைனு பாப்பு பெயரிலான 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் அங்கே திறக்கப்பட்டது. அவ்வளவு பெரிய கண்ணாடியை அங்கே வைத்ததற்குக் காரணம் அந்த இருட்டு. நாம் கூடுதல் விளக்கு மாட்டிக்கொண்டு போய் அதைக் கலைப்பதில் பெருமை இல்லை. கீழ்நோக்கிச் சரியாகத் திருப்பிய தொழிற்சாலை விளக்கே அந்த வளைவுகளுக்குப் போதும்.

கிளம்பும் முன்

- பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் மாற்றிவிடுங்கள். பேடின் தடிமனையும் அப்போதே பார்க்கச் சொல்லுங்கள்.
- டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. பட்டன் தேயாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும். அளவை மாற்றுவதானால் உங்கள் மாடலுக்கே கையேட்டில் கொடுத்த அளவுக்குள் இருங்கள்.
- ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றாமல் கூலன்ட் கலவை இருக்கட்டும். ஹோஸ் குழாயைக் கையால் அமுக்கிப் பாருங்கள். வெடிப்பு, உப்பல் இருந்தால் மாற்றுங்கள்.
- பழைய கார் என்றால் பெட்ரோல் ஹோஸையும் பாருங்கள். இப்போது பங்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். 2023க்கு முந்தைய பல கார்களின் ரப்பர் பாகங்கள் அதை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல.
- ஸ்பிரிங்கைத் தாழ்த்திய கார் முழுச் சுமையோடு மலைக்குப் போகக் கூடாது. வேகத்தடையில் அடி தட்டும், வளைவில் டயர் மட்கார்டை உரசும்.
- சைலென்சரை மாற்றியவர்கள் நம் பேஸ்மென்டையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். காலை ஆறு மணிக்கு ஏ பிளாக்கில் கிளப்பினால் சி பிளாக்கில் குழந்தை எழுந்துகொள்கிறது.

மீதி வரலாறு நம் கையில்

சென்னையைச் சுற்றி செடான் செய்து பின்னர் நிறுத்திய மூன்று தொழிற்சாலைகளை இந்தக் கட்டுரையில் பார்த்தோம். பெருங்களத்தூரில் ஹெரால்டு நின்றது. திருவள்ளூரில் லான்சர் நின்றது. மறைமலை நகரில் ஃபோர்டின் கார் தயாரிப்பு 2022இல் நின்றது. கார்கள் மட்டும் இன்னும் ஓடுகின்றன, நம் வளாகத்திலும்கூட. இன்று ஐகானோ ஃபியஸ்டாவோ வைத்திருப்பவர், 1988இல் ஹெரால்டு வைத்திருந்தவர் நின்ற அதே இடத்தில் நிற்கிறார். பாகம் தேட வேண்டும், நல்ல மெக்கானிக்கைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும், எந்த வேலையை எந்தத் தேதியில் எத்தனையாவது கிலோமீட்டரில் செய்தோம் என்று எழுதி வைக்க வேண்டும். 15 வருடம் முடிந்தபின் ஐந்து ஐந்து வருடமாக ஆர்.சி.யைப் புதுப்பிக்கப் போகும்போது, கூடுதலாக ஒட்டிய எதுவும் அங்கே உதவாது. ஒழுங்காகப் பார்த்துக்கொண்ட கார் உதவும்.

அப்படிப்பட்ட நோட்டுப் புத்தகம் உங்கள் வீட்டில் யாரிடமாவது இருந்தால், தாத்தா வைத்திருந்த அம்பாசடரின் பில் கட்டு இருந்தாலும் சரி, சங்க அலுவலகத்தில் காட்டுங்கள். படம் எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தந்துவிடுவோம். அடுத்த இதழின் இந்தப் பக்கத்தை அவற்றுக்காக ஒதுக்கலாம்.